சைக்கிளுக்கும் கணினிக்கும் கைமருந்து: மலையகத்து ஈரத்தில் வரும் சின்னக் கோளாறுகள்

மலையகத்தில் சைக்கிளோ கணினியோ வைத்திருப்பவர்களிடம் பேசினால் புகார்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிரேக் ஊளையிடுகிறது, காலையில் டயரில் காற்று இல்லை, மழை நாளில் கொம்பியூட்டர் திறப்பதில்லை, லேப்டொப்பைத் தொட்டால் சுள்ளென்கிறது. ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ தூக்கிக்கொண்டு போய்த் திருத்தி வருவதென்றால் பஸ் காசு, திருத்தும் கூலி, ஒரு நாள் சம்பளம் எல்லாம் போகும். அத்தனை தூரம் போனால் கடையில் அது நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய கதைதான்.

கடையில் நன்றாக ஓடியதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இந்தச் சின்னத் தொல்லைகளில் பெரும்பங்கு காற்றிலுள்ள ஈரத்தாலும் பாதையின் சரிவாலும் வருகிறது. ஆகவே எந்தச் சாமானையும் மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். காலையிலா மாலையிலா, மழையிலா வெயிலிலா, மேட்டிலா இறக்கத்திலா? கீழே உள்ளவற்றை அந்த வழியில்தான் பார்க்கிறேன்.

எதற்கும் முன்னால்: உப்பு வைத்துப் பாருங்கள்

ஈரமானி வாங்க வேண்டியதில்லை. காலியான யோகட் கோப்பையில் இரண்டு கரண்டி தூள் உப்பைப் போட்டுக் கணினி மேசையில் திறந்து வையுங்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்திக் கசியும். அதனால் தூள் உப்பே நல்லது. மறுநாள் காலையில் உப்பு உதிரியாக இருந்தால் ஈரத்தின் மேல் பழி போடாமல் வேறு காரணம் தேடலாம். கோப்பையின் அடியில் நீர் நின்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான்.

ஈரக்காலம் மலையகம் முழுக்க ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதே ஜூன், ஜூலையில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். அங்கே ஈரம் ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை. ஹட்டனில் இருப்பவர் சொன்ன நாட்கணக்கைப் பதுளையில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பிரேக் ஊளையிடுகிறது, மழையில் பிடிக்கவே இல்லை

இதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுங்கள். மலைப்பாதையில் பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது.

தட்டையான இடத்தில் மெதுவாக ஓட்டி முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், அப்புறம் பின் பிரேக்கை மட்டும். கத்துவது எது என்று தெரிந்ததும் அந்த ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் அது றப்பர் தூளும் சேறும் செயின் எண்ணெயும் கலந்த பூச்சு. பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, காய்ந்த துணியால் துடையுங்கள். அடுத்து பிரேக் கட்டையின் முகத்தைப் பாருங்கள். மினுமினுவென்று இறுகியிருந்தால் சேன்ட் பேப்பரால் அந்த மினுக்கம் போகும்வரை தேய்த்தால் போதும். கட்டைக்குள் மணலோ உலோகத் துணுக்கோ புதைந்திருந்தால் ஊசியால் கிண்டி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அது ரிம்மை அறுக்கும்.

இதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் கட்டை ரிம்மில் உட்காரும் கோணம் சரியில்லை. கேபிள் பிரேக் உள்ள சைக்கிளில் இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். பழைய கொப்பி அட்டையை மடித்துச் சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்பாக்கி, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே செருகுங்கள். பிரேக் பிடியை அழுத்திப் பிடித்தபடியே கட்டையின் நட்டை இறுக்குங்கள். அட்டையை எடுத்துவிட்டால் கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும், அதிர்வு அடங்கும், ஊளையும் நின்றுவிடும். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பழைய கம்பி பிரேக் சைக்கிளில் இந்தக் கோணத்தைத் திருப்ப வழியில்லை. அங்கே சுத்தம் செய்வதும் கட்டையைத் தேய்ப்பதும் மட்டுமே.

மழையில் பிடிக்காததற்குக் காரணம் வேறு. ஈர ரிம்மில் கட்டை முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்க மட்டுமே செய்யும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். மினுங்கும் குரோம் ரிம்மில் இது மிக மோசம், அலுமினிய ரிம் அதைவிட எவ்வளவோ மேல். எனவே மழையில் இறங்கும்போது வளைவுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். இறம்பொடை இறக்கம், கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் போகும் இறக்கம் போன்ற நீண்ட இடங்களில் ஒரே பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடாகி, டியூபில் உள்ள பழைய ஒட்டுகள் இளகிவிடும். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நடுவில் நின்று ஆறவிடுங்கள்.

கைமருந்து செய்யக்கூடாத இடமும் இதுதான். கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதுக் கேபிள் போடுங்கள். கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டு இறக்கத்தில் போவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்க மாட்டேன்.

இரவு அடித்த காற்று காலையில் இல்லை

டயர் முழுதாக மெலிந்து கிடந்தால் உடனே டியூபைக் கழற்றாதீர்கள். மறுபடி காற்றடித்து, வால்வு வாயில் எச்சிலையோ சவர்க்கார நுரையையோ தடவிப் பாருங்கள். குமிழி எழும்பினால் பஞ்சர் இல்லை. பம்ப் அடிக்கும் பழைய மாதிரி வால்வுக்குள் ஒரு மெல்லிய றப்பர்க் குழாய் இருக்கும். அது வெடித்துப் பிசுபிசுத்துப் போனால் காற்று மெல்ல மெல்லக் கசியும். சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்று கேட்டு ஒரு முழம் வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும். பழையதை உரித்துவிட்டு, வால்வைத் தண்ணீரில் நனைத்துப் புதுத் துண்டை மாட்டுங்கள். உலர்ந்த வால்வில் மாட்டினால் கிழிந்துவிடும்.

டயர் முழுதாக இறங்காமல் கொஞ்சம் மட்டும் மென்மையாகி, வெயில் ஏறியதும் சரியானது போல் தெரிந்தால் எதுவும் செய்ய வேண்டாம். குளிர்ந்தால் காற்று சுருங்கும். பிற்பகல் 25 பாகை செல்சியஸில் 40 பிஎஸ்ஐ (பம்பின் மானி காட்டும் அமுக்க அளவு) அடித்த டயர், விடியற்காலை 10 பாகையில் சுமார் 37 காட்டும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரிக் காலைகளில் இதை நன்றாகவே உணரலாம்.

உயரத்தைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. கொழும்பில் காற்றடித்த சைக்கிளை லொரியில் ஏற்றி 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் டயர் வெடிக்குமா? மேலே வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால் டயரின் அளவீடு 3 பிஎஸ்ஐ அளவுக்குக் கூட வேண்டும். ஆனால் கொழும்பின் 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்தால் குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். கடைசியில் பழைய 40 தான் நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஒட்டுப் போட்ட இடம் உரிந்து வருகிறது

ஈரத்தின் வேலையை நேரில் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. றப்பர் சொலூஷனில் இருக்கும் திரவம் ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த அந்தப் படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிகிறது. அதன் மேல் ஒட்டை வைத்தால் நாம் ஒட்டுவது தண்ணீரின் மேல். எவ்வளவு நல்ல சொலூஷன் வாங்கினாலும் அது உரியத்தான் செய்யும்.

வெளி வாசலில் ஒட்டுப் போடாதீர்கள். அடுப்பு எரிந்து அணைந்த பிறகு, இன்னும் கதகதப்பாக இருக்கும் அறையில் செய்யுங்கள். சொலூஷன் சட்டென்று தீப்பற்றும், எரியும் அடுப்பின் பக்கம் அதைத் திறக்கவே கூடாது. டியூபைத் துடைத்து உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஓட்டை இருக்கும் இடத்தைச் சேன்ட் பேப்பரால் மங்கலாகும்வரை தேய்த்து, ஒட்டைவிடப் பெரிய வட்டமாகச் சொலூஷனை மெல்லியதாகப் பூசுங்கள். வழக்கமாக ஐந்து நிமிடம் காயவிடச் சொல்வார்கள். நம் மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாக விட வேண்டும். விரல் முட்டியால் தொட்டால் ஒட்ட வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. அதுதான் பதம்.

ஒட்டுக்குப் பழைய டியூபின் துண்டே போதும். மூலை இல்லாமல் வட்டமாக வெட்டி, அதையும் தேய்த்து, அதற்கும் சொலூஷன் பூசிக் காயவிட்டு அமர்த்துங்கள். கண்ணாடித் துண்டு டயரையே கிழித்திருந்தால், தீர்ந்துபோன பற்பசைக் குழாயை வெட்டிக் கழுவி டயரின் உட்புறத்தில் அந்த இடத்துக்கு வைத்தால் டியூப் பிதுங்காது. அது அந்த மாதம் ஓட்டுவதற்கு. டயர் மாற்றக் காசு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் மிதிக்கும்போது டக், டக் என்று சத்தம்

இந்தச் சத்தத்தை எண்ணிப் பிடிக்க வேண்டும். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் பெடலோ, அதைத் தாங்கும் கையான கிராங்கோ. ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினில் சுமார் 110 கண்ணிகளும் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் இருந்தால் ஒரே கண்ணி திரும்பி வர இரண்டரைச் சுற்று ஆகும், கணக்கு அவ்வளவுதான். சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வந்து, எழுந்து மிதித்தால் நின்றுவிட்டால் அது சீட்டு.

இறுகிய கண்ணியைக் கண்டுபிடிக்கப் பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். பின்சக்கரத்தருகே ஒரு கண்ணி நிமிராமல் துள்ளும். அதை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் வளைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் விடுபடும்.

கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் ஆணி தளர்ந்ததா என்று பார்க்க, பெடல்களை முன்னும் பின்னுமாகக் கிடையாக நிறுத்தி இரண்டையும் கையால் அழுத்துங்கள். ஒன்று மட்டும் சற்றே தாழ்ந்தால் அந்தப் பக்கத்து ஆணி. கிராங்கின் அடியில் தடித்த மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதற்குப் பிறகு நட்டை இறுக்குங்கள். நட்டைத் திருகியே ஆணியை இழுக்கப் பார்த்தால் புரிதான் தேயும். பெடலாக இருந்தால் கழற்றிப் புரியைத் துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டுங்கள். இடது பெடலின் புரி தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். அது வலப்பக்கம் திருகினால்தான் கழலும்.

செயின் கிறீச்சிடுகிறது

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கீழ்நாட்டில் யாராவது அதைச் சிபாரிசு செய்திருக்கலாம். சுமார் 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். போத்தலில் கட்டியாக நிற்பது செயினிலும் அப்படியே நிற்கும், போகிற வழியில் மண்ணையும் சேர்த்துக்கொள்ளும். வாகனத்திலிருந்து வடித்த கழிவு எண்ணெயும் கூடாது, அதில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன.

மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, புதிய எஞ்சின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் விடுங்கள். பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் உருளைக்குள் இருந்தால் போதும். தையல் மெசின் எண்ணெய் வெயில் காலத்துக்குச் சரி, மழையில் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும்.

சீட் கம்பி வழுக்கி இறங்கினால் குளிர்பான டின்னை வெட்டி, கூர்மையான விளிம்புகளை மடித்து, கம்பியைச் சுற்றி ஒரு பட்டையாக வைத்து இறுக்குங்கள். முதுகில் சேறு தெறித்தால் ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை நீளவாட்டில் வெட்டி, பழைய டியூப் நாடாவால் சீட்டுக்கடியில் கட்டுங்கள். மூடுபனியில் லைட்டை நேரே பிடித்தால் கண் முன் வெள்ளைச் சுவர்தான் தெரியும், சக்கரத்துக்குச் சில அடி முன்னால் தரையில் விழும்படி தாழ்த்திக் கட்டுங்கள்.

மழை நாளில் மட்டும் கொம்பியூட்டர் திறக்க மறுக்கிறது

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் வேலையிடத்தில் கழித்த டெஸ்க்டொப் ஒன்றைத் தம்பி தங்கைக்கென்று கொண்டுவருவார்கள். ஒரு வாரத்தில், "அண்ணே, அங்க நல்லாத்தான் ஓடுச்சு, இங்க ஃபேன் மட்டும் சுத்துது, படம் வரல" என்று வந்து நிற்பார்கள். விசிறி சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பு, சில வேளை பீப் சத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது கணினியின் நினைவகமான ராம் பட்டையைத்தான். அதன் தொடுமுனைகளில் ஈரமும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டிவிடும்.

மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பெட்டியைத் திறந்ததும் அதன் உலோகச் சட்டத்தைக் கையால் தொடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும். ராம் பட்டையின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி எடுத்து, பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷால் தட்டிவிடுங்கள். சேன்ட் பேப்பரைக் கிட்டேயும் கொண்டுவராதீர்கள். பொன்முலாம் மிக மெல்லியது, ஒரே இழுப்பில் போய்விடும். பட்டையிலுள்ள வெட்டைப் பார்த்து நேராகப் பொருத்தி, இரு கொக்கிகளும் டக் என்று விழும்வரை அழுத்துங்கள்.

இது திரும்ப வராமலிருக்க, பெட்டியைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கிப் பலகையின் மேல் வையுங்கள், மழை அடிக்கும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். தன் சூட்டில் அதுவே காய்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே அடைப்பது, துணி உறையே போதும். குளிரில் வெளியே கொண்டுபோன லேப்டொப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால், பையிலிருந்து எடுக்காமல் ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டுத் திறப்பது நல்லது.

லேப்டொப்பைத் தொட்டால் சுள்ளென்கிறது, மவுஸ் தானாகத் துள்ளுகிறது

சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நின்றுவிட்டால் லேப்டொப்பில் குறை இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கொண்டன்சர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போகும், எர்த் இல்லாவிட்டால் உலோக உடலில் நின்று உங்கள் விரலுக்கு வரும். இரண்டு ஊசிச் சார்ஜரில் இப்படிச் சுள்ளென்பது இயல்பு. மூன்று ஊசிச் சார்ஜரில் வந்தால் உங்கள் பொயின்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதே சார்ஜரை எர்த் நன்றாக உள்ள இன்னொரு வீட்டில் மாட்டிப் பார்த்தால் உறுதியாகும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்த பழைய வயரிங்கில் எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருப்பது புதிதல்ல. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். அது சோதிப்பது ட்ரிப் சுவிட்சை மட்டும். எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலோ தகரக் கூரையிலோ கட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் கசிவை அடுத்த வீட்டுக் குழாயைத் தொடும் பிள்ளைக்கு அனுப்புகிறீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதற்குக் கைமருந்து கிடையாது.

திகதி பின்னால் போகிறது, எந்தத் தளமும் பாதுகாப்பற்றது என்கிறது

மின்சாரம் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ பற்றரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள், 3 வோல்ட். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் நின்றால் எல்லாச் சான்றிதழும் அதற்குத் தவறாகவே தெரியும். இணையம் கெட்டது என்று எண்ணிக் காசு செலவழிப்பதற்கு முன் மணிக்கூட்டைப் பாருங்கள்.

விசிறி இரைகிறது, பெட்டி சுடுகிறது

விறகடுப்பு உள்ள வீட்டில் தூசி தனியாக வருவதில்லை, புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கம்பளம்போல் விசிறியில் படியும். பெயின்ட் பிரஷால் தளர்த்திவிட்டு, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். சிறு துவாரங்களுக்கு அந்த அளவு காற்று போதுமானது. ஈரக்காலத்தில் பம்புக்குள் நீர் திரண்டிருக்கும், முதல் சில அடிகளைத் துணியில் அடித்துப் பார்த்துவிட்டு ஊதுங்கள். ஊதும்போது விசிறி இலைகளை ஈர்க்குக் குச்சியால் தடுத்துப் பிடியுங்கள், காற்றில் வேகமாகச் சுழலவிட்டால் அச்சு தேயும்.

அதே ஈர்க்கு கைப்பேசிக்கும் உதவும். சார்ஜர் வயரை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்து, ஈர்க்கு நுனியைத் தட்டையாகச் சீவிச் சுரண்டி எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம். வயரின் கழுத்து நைந்திருந்தால் பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம். சுவர்ப்பக்க வயர் நைந்தால் சுற்றாமல் மாற்றுங்கள்.

கேத்தலைப் போட்டதும் கொம்பியூட்டர் அணைகிறது

அந்த நேரத்தில் பல்பு மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் மின்னழுத்தம் விழுகிறது. மின்மாற்றிக்குத் தூரத்திலுள்ள லயங்களில் மாலை நேரத்தில் இது சாதாரணம். லேப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், டெஸ்க்டொப்தான் தடுமாறும். கேத்தலையும் அயன் பெட்டியையும் கணினியையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டாதீர்கள். மின்சாரம் போனால் பற்றரியில் தாங்கும் யூபிஎஸ் இருந்தும் அணைந்தால் அதன் 12 வோல்ட் பற்றரி முதுமையடைந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

பனி இறங்கினால் இணையம் போகிறது

பனியின் மேல் வீண்பழி. 4ஜி அலைகளை மூடுபனி தடுப்பதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வேகத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். இரவில் மட்டும் மந்தமென்றால் ஊரே ஒரே கோபுரத்தில் தொங்குகிறது, பெரிய கோப்புகளை விடியலில் இறக்குங்கள். எப்போதும் மந்தமென்றால் தகரக் கூரையும் மலையும்தான் மறைக்கின்றன. சிம் போட்ட இணைய டொங்கிளைக் கணினியில் நேரே குத்தாமல் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில், ஜன்னலில், உயரத்தில் வையுங்கள். வயர் ஐந்து மீற்றரைத் தாண்டக் கூடாது.

அதற்கும் போதாவிட்டால் அலுமினியச் சட்டியைப் பிரதிபலிப்பானாக வைக்கலாம். சட்டியின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் டொங்கிள் நிற்க வேண்டிய தூரம் கிடைக்கும். 30 சென்டிமீற்றர் விட்டமும் 8 சென்டிமீற்றர் ஆழமும் என்றால் அடியிலிருந்து சுமார் 7 சென்டிமீற்றர். 1,800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமே 17 சென்டிமீற்றர் ஆகையால் சின்னச் சட்டியிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உயரமும் ஜன்னலும்தான் கூடுதலாகத் தரும்.

பிரின்டர் இரண்டு மூன்று தாளாக இழுக்கிறது

தாள் ஈரம் குடித்திருக்கிறது. கட்டைப் பிரித்ததும் மிச்சத்தைச் ஷொப்பிங் பையில் காற்று வெளியேற்றிக் கட்டி வையுங்கள், பிரின்டர் தட்டில் இரவு முழுக்க விடாதீர்கள். றப்பர் உருளையை லேசாக நனைத்த துணியால் துடைத்தால் வழுக்கலும் நிற்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் கணினியில் எந்தக் குறையுமில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

இடிக்குப் பிறகு ரவுட்டர் உயிர் வரவில்லை

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குத் தெரிந்ததே. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதும் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள். செம்புத் தொலைபேசி வயர் வழியாகவும் அடி வரும், அதையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் அந்த ரவுட்டரின் பவர் வயர் கடத்தும்.

அடி விழுந்து ஒரு விளக்கும் எரியவில்லையென்றால் ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டாம், முதலில் போவது பல தடவை அடப்டர்தான். அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட் அளவு அதேயாக, அம்பியர் அதே அளவோ கூடவோ, நடு ஊசி பிளஸா மைனஸா என்ற குறியும் அதேயாக உள்ள வேறொரு அடப்டரைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். விளக்குகள் எரிந்து, வயர் மாட்டும் ஒரு துளை மட்டும் வேலை செய்யாவிட்டால், அடுத்த துளைக்கு வயரை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த ரவுட்டரைத் தொடர்ந்து பாவிக்கலாம்.